வடிவு மடித்த பக்கங்கள்

வேலப்ப சாமியிடம் சேர வருகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் வருவார்கள். வீட்டை, வேலையை, குடியை. கோதண்டபாணி எதையும் விடவில்லை. ஒரு மினி லாரி நிறையப் புத்தகத்தோடு வந்து இறங்கினார்.

மலையடிவாரத்தில் நாலு அறை உள்ள ஓட்டுக் கட்டடம். அதுதான் ஆசிரமம். சமையல் பார்க்கும் சீடர் மாசிலாமணி முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். லாரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நூலகம் ரெண்டு ஸ்டாப்பிங் முன்னாடியே போச்சு, இறங்காம வந்துட்டீங்க என்றார். சாமி சிரித்தார். ஒரு அறையைக் காலி செய்து கொடுக்கச் சொன்னார்.

சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. கோதண்டபாணிக்கு அறுபதுக்கு மேல். அதனால் என்ன, தெரியாததைக் கேட்க வந்தவர் அவர்தானே.

ஆனால் கேட்கவில்லை. வந்ததிலிருந்து அடுக்கிக்கொண்டே இருந்தார். எல்லாப் புத்தகத்துக்கும் பழுப்பு அட்டை, முதுகில் குண்டு எழுத்தில் பெயர். ஒன்றில்கூட ஒரு கீறல் கிடையாது. அடுக்கி முடித்ததும் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். தியானத்துக்குக் கூப்பிட்டால் வருவார். கண்ணை மூடுவார். மூடினதும் கண்ணீர் வடியும். அது தியானம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர் கையில் இருந்தது சொல்லப்போனால் புத்தகமே இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த ஒரு தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணியது. தாள் பழுத்துப்போய், கதைக்குப் பக்கத்திலேயே பல்பொடி விளம்பரம், தைல விளம்பரம். அதை அலமாரியில் வைக்க அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. வீட்டில் அது அரிசி டின் மேல்தான் கிடக்கும்.

அது அவர் மனைவி வடிவாம்பாளுடையது. வடிவு போன மாசியில் செத்துப்போனாள்.

ஒருநாள் காலையில் சாமி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். கோதண்டபாணி அந்த பைண்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் சாமி."

"கேளுங்க ஐயா."

நேராகக் கேட்க வரவில்லை. எங்கெங்கோ சுற்றினார். தான் எப்படிப் படிப்பேன் என்று சொன்னார். காலையில் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் புத்தகம் முடிகிறவரை எழுந்திருக்க மாட்டாராம். ஒரு குரல் கொடுத்தால் வேண்டியது கைக்கு வந்துவிடுமாம். அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

வடிவு அப்படியில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் படித்தது இந்த ஒரு கதையைத்தான். உடம்பு முடியவில்லை என்றால் படிப்பாள். பிறந்த வீட்டிலிருந்து கெட்ட சேதி வந்தால் படிப்பாள். மழை பிடித்துக்கொண்டால் படிப்பாள். எத்தனையோ நாளாகும் ஒரு தடவை முடிக்க. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. முடிவு தெரிந்த கதையில் என்ன இருக்கிறது என்று அவர் கிண்டல் பண்ணுவார். முடிவு தெரியறதாலதான் பயமில்லாம படிக்க முடியுது என்பாள். அவருக்கு அது பேத்தலாகப் பட்டது. அவர் எந்தப் புத்தகத்தையும் இரண்டாம் தடவை தொட்டதில்லை.

அவளிடம் அவருக்கு ஆகாத ஒரே விஷயம், பக்கத்தின் மூலையை மடிப்பது. இன்றைக்குத் தாளை மடிக்கிற கை நாளைக்கு என் காதை மடிக்கும் என்பார். அடையாளம் வைக்க அட்டைத் துண்டு நறுக்கிக் கொடுத்தார். எங்கேயாவது தொலைத்துவிட்டு மறுபடி மடிப்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் இஸ்திரிப் பெட்டியைச் சுட வைப்பார். மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு, மடிந்த மூலையையெல்லாம் தேய்த்து நேராக்குவார். அவள் எதிரிலேயே செய்வார். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

"இப்ப எனக்கு அந்த மடிப்புதான் சாமி வேணும்," என்றார்.

மடிப்பு முழுசாகப் போகவில்லை. தாளை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் மூலையில் மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் இத்தனை நாளும் தேடியது அதைத்தான்.

"இவ்வளவு பக்கம் இருக்கு. இந்தப் பக்கங்களை மட்டும் ஏன் மடிச்சா? இதுல அவ மனசுக்கு என்னமோ இருந்திருக்கு. உயிரோட இருந்தப்ப நான் ஒரு வார்த்தை கேக்கல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

சாமி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் கதாநாயகி துணி உலர்த்துகிறாள். ஒன்றில் யாரோ குடையைத் தேடுகிறார்கள். இன்னொன்றில் கதை மூன்றே வரி, மீதியெல்லாம் பல்பொடி.

கடைசியாக ஒரு பக்கத்தைக் காட்டினார் கோதண்டபாணி. அதில் கதாநாயகி, இனிமேல் இந்த வீட்டில் இருக்க மாட்டேன், அம்மா வீட்டுக்கே போகிறேன் என்கிறாள். அந்த மூலையில் மட்டும் ஒரு கோடு இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கோடுகள்.

"என்னை விட்டுட்டுப் போகணும்னு நினைச்சாளா சாமி? அதை மட்டும் சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன்."

தாங்க மாட்டார். பார்த்தாலே தெரிந்தது.

சாமி கதையை முழுக்கப் படித்தீர்களா என்று கேட்டார். இல்லை, மடித்த பக்கங்களை மட்டும்தான் என்றார் கோதண்டபாணி.

"முதல்லேருந்து படிங்க. நான் உள்ளதான் இருப்பேன்."

ஜன்னலோரம் போய் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். முதல் அத்தியாயம் இழுவை. பிறகு கதை அவரைப் பிடித்துக்கொண்டது. அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பாணி."

எப்போதும் ஐயா என்கிற சாமி வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். தண்ணீர் வேண்டுமாம். அட்டைத் துண்டை வைத்து மூடிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

திரும்ப வந்து, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பிடிபடுவதற்குள் மறுபடி குரல். விசிறி வேண்டுமாம். விசிறி சாமிக்குக் கை எட்டுகிற தூரத்தில்தான் தொங்கியது. எடுத்துக் கொடுத்தார். சாமி யாரையும் வேலை ஏவுகிறவர் இல்லை. இன்றைக்கு என்ன வந்தது என்று மாசிலாமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மறுபடி உட்கார்ந்தார். கதாநாயகி கிணற்றடியில் தனியாக நின்று அழ ஆரம்பித்தாள். எதற்கு என்று அடுத்த பக்கத்தில்தான் தெரியும்.

"பாணி."

"வரேன் சாமி," என்றார். எழுந்திருக்க மனசில்லை.

"பாணி, எவ்வளவு நேரம்?"

அட்டைத் துண்டைக் காணோம். மடியில் இல்லை, தரையிலும் இல்லை. சட்டென்று மூலையை மடித்தார். பைண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

சாமிக்கு முகம் துடைக்கத் துண்டு வேண்டுமாம். அது அவர் தோளிலேயே கிடந்தது.

"எந்த இடத்துல விட்டீங்க?" என்று கேட்டார் சாமி.

கோதண்டபாணி பைண்டைத் திறந்தார். மடித்த மூலை தானாக வந்து நின்றது. ஆயுசில் அவர் மடித்த முதல் பக்கம்.

"அந்தப் பக்கத்துல அப்படி என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சாமி. நீங்க கூப்பிட்டீங்க. அதான் எங்க விட்டேன்னு..."

மூலையை நேராக்கப் போன விரல் பாதியில் நின்றது.

பிறகு, அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று வருகிற அந்தப் பக்கத்தைத் தானாகவே புரட்டி எடுத்தார். வெயில் பக்கம் சாய்த்தார். கோடுகளைப் பார்த்தார்.

சாமி மெதுவாகக் கேட்டார். "இந்தப் பக்கத்துல மட்டும் இத்தனை தரம் கூப்பிட்டிருக்கீங்களே. ஒரு குரல் கொடுத்தா வர மாட்டாங்களோ?"

"வந்துடுவா சாமி. ஒரே குரல்தான். 'வடிவு'ன்னு முடிக்கறதுக்குள்ள வந்து நிப்பா."

சாமி வாழைப்பூவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"போய் உக்காந்து முடிவு வரைக்கும் படிங்க ஐயா. இனி யாரும் கூப்பிட மாட்டாங்க."