தாழம்புதருக்குப் பின்னால் ஒரு கூடு

ஒரு காட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது, குழந்தைகளே. மழை ஓய்ந்ததும் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து, ஏரி நடுவே நின்ற கருவேல மரங்களில் கூடு கட்டும். மரங்களை ஒட்டித் தண்ணீரிலேயே ஒரு தாழம்புதரும் அடர்ந்து நின்றது. அவற்றைப் பார்க்க விலங்குகள் கரைக்கு வரும். கரையை விட்டு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அங்கே இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

தினமும் முதல் ஆளாக வந்து உட்காருவது முயல். பறவை என்றால் அதற்குப் புல்லும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கரையில் அது உட்காராத இடமே கிடையாது. எந்தக் கிளையில் யார் கூடு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்.

அந்த ஆண்டு நாரைக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பறவைகளின் தலைவரான கூழைக்கடாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"நாளை முதல் நான்கு கால் உள்ள எதுவும் இந்தக் கரையை மிதிக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டது.

முயல் தவித்துப்போனது. மிஞ்சிய குஞ்சுகள் இறகு முளைத்துப் பறக்கப் போகும் நேரம் அது. அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? போன குஞ்சுகளை நினைத்தாலும் அழுகை வந்தது.

நரிதான் எல்லாரையும்விட உரக்கச் சண்டை போட்டது. பார்ப்பதும் ஒரு குற்றமா, எவனோ செய்ததற்கு எல்லாரையும் தண்டிப்பதா என்று நியாயம் பேசியது. மானும் குரங்கும் அதற்குத் தலையாட்டின.

முயல் மட்டும் சத்தம் போடாமல் கூழைக்கடாவிடம் போனது.

"ஐயா, இன்று மாலை எங்களைக் கடைசியாக ஒருமுறை உட்கார விடுங்கள். திருடனைக் காட்டிக்கொடுக்கிறேன். என்னால் முடியாவிட்டால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்."

கூழைக்கடா அரை மனத்தோடு சம்மதித்தது.

மாலையில் கரை நிரம்பியது. முயல் ஒரு போட்டி வைத்தது. அந்த ஆண்டு கண்டதிலேயே சிறந்த காட்சியை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். யார் நன்றாகப் பார்த்தவர் என்று பறவைகள் தீர்ப்புச் சொல்லும்.

உச்சி வெயிலில் ஒரு நாரைத் தாய் இறக்கையைக் குடையாக விரித்துக் குஞ்சுக்கு நிழல் தந்ததை மான் சொன்னது. கரண்டிவாயன் அலகை இப்படியும் அப்படியும் ஆட்டித் தண்ணீரைத் துழாவுவதைக் குரங்கு நடித்தே காட்டியது. பறவைகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முயல் நரியின் பக்கம் திரும்பியது.

"நரியண்ணா, உங்களைவிட உன்னிப்பாகப் பார்ப்பவர் இங்கே யார்? நீங்கள் சொன்னால்தான் போட்டி முடியும்."

நரிக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"நீங்களெல்லாம் இறகையும் அலகையும் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள். தாழம்புதருக்குப் பின்னால், தண்ணீரைத் தொடும் கிளையில் ஒரு நாரைக் கூடு இருக்கிறது. குஞ்சுகள் நன்றாகக் கொழுத்தவை. தாய் மீன் தேடிப் போனால் வெயில் சாய்ந்துதான் வரும். இது உங்களில் யாருக்காவது தெரியுமா?"

மானுக்குத் தெரியவில்லை. குரங்கு உதட்டைப் பிதுக்கியது.

"அந்தத் தாயின் அலகு என்ன நிறம், அண்ணா?" என்று முயல் கேட்டது.

நரி அலட்சியமாகச் சிரித்தது. "அதையெல்லாம் யார் பார்த்தது?"

முயல் எழுந்து நின்றது.

"ஐயா, இந்தக் கரையில் எங்கே உட்கார்ந்தாலும் தாழம்புதர்தான் தெரியும். அதற்குப் பின்னால் கூடு இருப்பதே இன்றுவரை எனக்குத் தெரியாது. தண்ணீரில் இறங்கிப் புதரைச் சுற்றிப் போனவருக்குத்தான் அது கண்ணில் படும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நரி மெல்லப் பின்வாங்கப் பார்த்தது. கூழைக்கடா விடவில்லை. முதல் கொத்து அதனுடையது. பின்னாலேயே நாரைகள், கொக்குகள், நீர்க்காகங்கள் எல்லாம் திரண்டு வந்து விழுந்தன. நரி சேற்றில் புரண்டு எழுந்து ஓடிய ஓட்டம் காட்டின் எல்லையைத் தாண்டியும் நிற்கவில்லை.

கூழைக்கடா மூச்சு வாங்கத் திரும்பி வந்து முயலின் முன்னால் இறங்கியது.

"கரை இனி என்றும் திறந்தே இருக்கும். பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம். ஆனால் இந்த முயலுக்கு முன்னால் போய் உட்கார்ந்து யாரும் அதற்கு மறைக்கக் கூடாது."

சில நாள் கழித்துத் தாழம்புதருக்கு மேலே குஞ்சு நாரைகள் முதல்முறையாகத் தடுமாறிப் பறந்தன. கரையில் இருந்த அத்தனை பேரும் ஆரவாரம் செய்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்த முயல், சந்தோஷம் தாங்காமல் துள்ளிக் குதித்தது.

நீதி: ஒருவர் எதை உற்றுப் பார்க்கிறார் என்பதே அவர் மனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.