கவின் சாப்பிட்ட கீரை

ரத்தத்தில் உள்ள வைட்டமின்களை அளக்கும் ஆய்வகம் அது. வெளிச்சம் பட்டால் அவற்றில் சில சிதைந்துவிடும் என்பதால் உள்ளே எப்போதும் மங்கலான மஞ்சள் விளக்குதான். தலைவர் டாக்டர் நசீமா. அவரிடம் தொழில் பழக வந்தவர் திரவியம்.

ஒரு காலை, திரவியம் ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“மேடம், இது கவினோட ரத்தம். குழந்தை ஞாயித்துக்கிழமை இறந்துபோச்சு. கொட்டிடலாமா?”

“அளந்துடுங்க.”

“இனிமே யாருக்கு மேடம்?”

நசீமா கையுறையை மாட்டிக்கொண்டு குழாயைத் தானே வாங்கிக்கொண்டார்.

கவினுக்குப் பிறவியிலேயே பித்தக்குழாய் அடைப்பு. பித்தம் இறங்காத குடலில் கொழுப்பு செரித்து உடம்பில் சேராது. கொழுப்போடு ஏற வேண்டிய வைட்டமின்களும் ஏறாது. போன மாதம் திரவியம் அவன் தாயிடம், “சத்து ரொம்பக் கம்மியா இருக்கு” என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். கூட வந்த அவள் மாமியாரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம், இறப்புச் சான்றிதழ் வாங்க மருத்துவமனைக்கு வந்த தாய் மகுடீஸ்வரி ஆய்வக வாசலுக்கு வந்தாள்.

“நான் ஒழுங்கா ஊட்டலைன்னுதான் புள்ள போயிட்டான்னு வீட்ல சொல்றாங்க டாக்டர். முருங்கக்கீரைய மசிச்சு மசிச்சுக் குடுத்தேன். துப்புவான். வழிச்சு மறுபடி ஊட்டுவேன். அவன் ரத்தத்துல ஒண்ணுமே இல்லையா?”

நசீமா அவளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கணினித் திரையில் ஓடிய கோட்டில் ஓரிடம் லேசாக மேடிட்டிருந்தது.

“இந்த மேடு லூட்டீன். கீரையில இருக்கிற சத்து. உடம்பு இதைத் தானா உண்டாக்காது. சாப்பிட்டாத்தான் ரத்தத்துல வரும். இது கவினோட ரத்தம். நீ ஊட்டினதும்மா.”

மகுடீஸ்வரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மத்தது சேராமப் போனது நோயால. வீட்ல யாரு என்ன கேட்டாலும் எங்கிட்ட கூட்டிட்டு வா.”

அவள் அந்த மேட்டை ஒரு விரலால் தொட்டாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நசீமாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் போன பிறகு திரவியம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மேடம், இருக்க வேண்டியதுல அது பத்துல ஒரு பங்குகூட இல்லையே. அதை நீங்க சொல்லலையே?”

“அவ எவ்வளவுன்னு கேக்கலை, திரவியம்.”