துறை சொன்ன சருகுமான்

சுழியாற்றங்கரைக் காட்டில் எல்லா விலங்குக்கும் ஒரு வேலை இருந்தது. பிறக்கும்போதே அது முடிவாகிவிடும். குரங்கு மரத்தின் உச்சியில் உட்கார்ந்து புலி வருகிறதா என்று பார்க்கும். பன்றி கிழங்கு தோண்டும். சருகுமான் கரடிக்குச் சருகு அள்ளிப் படுக்கை போடும்.

ஏன் சருகுமான்? பெயரில் சருகு இருக்கிறது. அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் தேடாதீர்கள், கிடைக்காது.

பொடிச்சி என்று ஒரு சருகுமான். முயலைவிடக் கொஞ்சம் பெரியது. கால்கள் குச்சி மாதிரி இருக்கும். கரடி உறுமனின் குகையில் காலையில் படுக்கை போட்டு முடிக்கும். முடித்ததும் நேராக ஆற்றுக்கு ஓடும். விளையாட அல்ல. ஆற்றைப் பார்க்க. தண்ணீர் எங்கே இழுக்கிறது, எங்கே நிற்கிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் சுழல்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கும். மேயக்கூட மறந்துபோகும்.

அதற்கு ஒரே ஆசை. துறை சொல்ல வேண்டும்.

கோடை வந்தால் இந்தக் கரையில் புல் காய்ந்துவிடும். காடே ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகும். அக்கரை தாழ்வான இடம். மழை பிடித்தால் வெள்ளம் ஏறிவிடும். அதனால் மழை தொடங்கியதும் எல்லாம் திரும்பி வரும். எந்த இடத்தில் இறங்கிக் கடக்கலாம் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதுதான் துறை சொல்வது. அது யானையின் வேலை. தூணன் என்ற யானை சொல்லிவந்தது.

தூணன் எப்படித் துறை பார்க்கும்? ஆற்றில் இறங்கும். நடு ஆறுவரை நடக்கும். முழங்காலுக்குமேல் தண்ணீர் ஏறவில்லை என்றால் துதிக்கையைத் தூக்கிப் பிளிறும்.

"இதுதான் துறை! வாருங்கள்!"

யானைக்கு முழங்கால் என்றால் முயலுக்கு என்ன? முயல்கள் நீந்தும். பன்றிக்குட்டிகள் நீந்தும். சில கரை சேரும். சில சேராது. "ஆறு எடுத்துக்கொண்டது" என்று சொல்லிவிட்டு மற்றவை மேயப் போய்விடும். வருஷா வருஷம் இதே கதை.

ஒரு கோடையின் தொடக்கத்தில் பொடிச்சி கரடியிடம் போனது.

"நாளையிலிருந்து வரமாட்டேன்."

உறுமன் ஒரு கண்ணைத் திறந்தது. "உடம்பு சரியில்லையா?"

"நன்றாக இருக்கிறது. துறை சொல்லப் போகிறேன்."

கரடி மறு கண்ணையும் திறந்தது. "துறையா? நீயா? என் படுக்கையை யார் போடுவது?"

"உங்களுக்கு நாலு கை கால் இருக்கிறது!"

"வாய் நீளுகிறதே! சரி, போ. ஆனால் ஒன்று. என் குகை வாசலில் படுக்கிறாய், அதனால் செந்நாய் உன்னைத் தொடுவதில்லை. வேலை போனால் வாசலும் போகும். யோசித்துக்கொள்."

"யோசித்துவிட்டுத்தான் வந்தேன்" என்றது பொடிச்சி. போயே போய்விட்டது.

ஆற்றோரத்து நீர்மருத மரத்தடியில் விலங்குகள் கூடியிருந்தன. தூணன் நடுவில் நின்றது. பொடிச்சி அதன் முன்னால் போய் நின்றது. தூணனுக்கு முதலில் கண்ணில் படவே இல்லை.

"ஐயா, கீழே பாருங்கள்! இந்த முறை துறையை நான் சொல்கிறேன்."

மரத்தின்மேல் இருந்த தாவி என்ற குரங்கு சிரித்துச் சிரித்துக் கிளையை விட்டுவிட்டது. நல்லவேளை, வால் மாட்டிக்கொண்டது.

"ஏ குச்சிக்கால்! ஆறு உன்னைப் பார்த்துப் பயந்து ஒதுங்குமா?" என்றது தாவி.

தூணன் பொறுமையாகவே பேசியது. பெரியவர்கள் அப்படித்தான், தோற்காதவரை. "உன் அம்மா சருகு அள்ளினாள். அவள் அம்மாவும் அள்ளினாள். நீயும் அள்ளு. ஆறு எங்கள் சொத்து."

"போன கோடையில் எத்தனை முயல் போயிற்று, ஐயா?"

"முயலை எண்ணுவது என் வேலையா?"

"அதுதான் உங்கள் வேலை! எல்லாம் கரை சேர்ந்ததா என்று பார்க்கத்தானே துறை சொல்கிறீர்கள்?"

குட்டி போட்ட பன்றி ஒன்று பின்னாலிருந்து உரக்கச் சொன்னது: "கேட்கிறாள் இல்லையா, பதில் சொல்லுங்கள்!" முயல்கள் காதை நிமிர்த்தின.

தூணனுக்குக் கோபம் வந்தது. "சரி! இந்த முறை நீயே சொல். தவறினால் அதற்கப்புறம் ஆற்றங்கரையில் உன் கால் படக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!"

மூன்று நாள் பொடிச்சி ஆற்றின் ஓரமாகவே நடந்தது. கீழ்வளைவில் ஆறு அகலமாகும். தண்ணீர் மெதுவாகப் போகும். இழுப்பே இல்லை. பொடிச்சி அக்கரை போய்த் திரும்பி வந்தது. ஒரு முறை அல்ல, ஐந்து முறை. ஒரு குறையும் தெரியவில்லை.

நாலாம் நாள் எல்லாம் இறங்கின. சின்ன விலங்குகள் முன்னால் போயின. முயல், கீரி, பன்றிக்குட்டி, முள்ளம்பன்றி. ஒன்றுகூட அடித்துப் போகவில்லை. அக்கரையில் ஒரே கூச்சல், கும்மாளம்.

பிறகு காட்டெருமைகள் இறங்கின. பதினான்கு எருமைகள். முதலில் ஏறன் என்ற எருமை. நடு ஆற்றில் ஏறன் நின்றது. நின்றது அல்ல, இறங்கியது. வயிறுவரை சேறு.

மெதுவாகப் போகும் தண்ணீரின் அடியில் சேறுதான் இருக்கும். குச்சிக்கால் அதன்மேல் ஓடிவிடும். எருமையால் முடியுமா?

உச்சி வெயில்வரை ஏறன் அங்கேயே கிடந்தது. தூணன்தான் துதிக்கையால் இழுத்துப் போட்டது. பெரிய விலங்குகள் எல்லாம் யானையின் பழைய துறையில் கடந்தன.

"கொசு காட்டிய வழி!" என்று தூணன் பிளிறியது. "பார்த்தீர்களா? பொடிச்சி, இனி ஆற்றங்கரைப் பக்கம் வராதே!"

அந்தக் கோடையில் ஒரு முயல்கூடச் சாகவில்லை. அதை ஒருவரும் பேசவில்லை. யாராவது பேசுவார்கள் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு உலகம் தெரியாது.

அக்கரையில் பொடிச்சிக்கு ஒண்டக் குகை இல்லை. இரண்டு முறை செந்நாய்கள் துரத்தின. இரண்டு முறையும் தண்ணீருக்குள் அமிழ்ந்து மூக்கை மட்டும் வெளியே வைத்துத் தப்பியது. மெலிந்துவிட்டது.

உறுமன் தேடிக்கொண்டு வந்தது. கெட்ட கரடி அல்ல. முதுகு வலி.

"வா, பொடிச்சி. இங்கேயும் ஒரு குகை பார்த்துவிட்டேன். சருகு குவிந்து கிடக்கிறது. ஒரு வார்த்தை திட்டமாட்டேன். தப்பு எல்லாருக்கும் வரும்."

குகை வாசலின் சூடு பொடிச்சிக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா?

"தப்புதான், கரடியாரே. ஆனால் நான் படுக்கை போடுவதில் தப்பு செய்யவில்லை. துறை சொல்வதில் செய்தேன். அங்கே செய்ததை உங்கள் குகையில் வந்து எப்படிச் சரிசெய்வது?"

"செத்துப்போவாய்!"

"இன்னும் சாகவில்லையே!"

கரடி தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

பொடிச்சி நேராக ஏறனிடம் போனது. ஏறன் கொம்பைத் தாழ்த்தியது.

"உனக்கு என்ன தைரியம்! மறுபடி என் முன்னால் வருகிறாய்!"

"மன்னிப்புக் கேட்க வந்தேன், அண்ணே. இன்னொன்றும் கேட்க வேண்டும். முன்னங்கால் முதலில் புதைந்ததா, பின்னங்காலா?"

ஏறன் கொம்பை நிமிர்த்தியது. இப்படி ஒரு கேள்வியை யாரும் அதனிடம் கேட்டதில்லை.

"பின்னங்கால்" என்றது கடைசியில். "முன்னங்கால் வைக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. முழுப் பாரமும் விழுந்த பிறகுதான் புதைந்தது. குபுகுபுவென்று குமிழி வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, மாட்டிக்கொண்டேன் என்று."

"குமிழியா?"

"கேலி செய்கிறாயா?"

"இல்லை, அண்ணே. ரொம்ப நன்றி!" பொடிச்சி ஓடிவிட்டது.

அன்றைக்குத்தான் அதற்கு உறைத்தது. யானை தன் காலால் ஆற்றை அளந்தது. நான் என் காலால் அளந்தேன். அப்புறம் எனக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஏறனின் பாரத்தை வைத்து அளக்க வேண்டும். அதற்கு என்னிடம் பாரம் இல்லை. ஆற்றங்கரையில் கல் இருக்கிறது.

அது குரங்கைக் கூப்பிட்டது. "தாவி! பெரிய கல்லாக எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறு. நான் சொல்லும் இடத்தில் போடு."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"சத்தம் கிடைக்கும்! உயரத்திலிருந்து தண்ணீரில் கல் போட்டிருக்கிறாயா?"

தாவியின் கண்கள் விரிந்தன. ஆனாலும் இழுத்தது. "நீ ஆற்றங்கரைக்கு வரக் கூடாது என்று தூணன் சொல்லியிருக்கிறதே!"

"சொல்லியிருக்கிறது. அந்தக் கல்லை எடு."

மேலே ஓர் இடத்தில் ஆறு குறுகும். இரண்டு கரை மரங்களின் கிளைகளும் நடு ஆற்றில் தொட்டுக்கொள்ளும். தண்ணீர் சீறிக்கொண்டு ஓடும். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. தாவி அங்கே கல்லைப் போட்டது. ‘டொக்’ என்றது. குமிழி வரவில்லை. இன்னோர் இடத்தில் போட்டது. ‘டொக்.’ நாற்பது இடத்தில் போட்டுப் பார்த்தார்கள். அடியில் முழுக்கப் பாறை.

அப்போதும் பொடிச்சி நிறுத்தவில்லை. விழுந்துகிடந்த பெரிய பாறை ஒன்றின் கீழ்ப்பக்கம் போய் நின்று பார்த்தது. மேலே தண்ணீர் சீறியது. பாறையின் மறைவில் இலைகூட நகரவில்லை.

மழை வந்தது. அந்த வருஷம் முன்னதாகவே வந்தது. ஆறு மண் நிறமானது. அக்கரைப் புல்வெளியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. விலங்குகள் முட்டி மோதிக்கொண்டு ஆற்றுக்கு வந்தன. தூணன் தன் பழைய துறைக்கு நடந்தது. வழியில் பொடிச்சி நின்றது.

"நகரு!"

"நகரமாட்டேன்! இன்றைக்கு அந்தத் துறையில் இறங்கினால் ஒரு குட்டி மிஞ்சாது. வேறு துறை இருக்கிறது."

"மறுபடி சேற்றில் இறக்கப் பார்க்கிறாயா? மிதித்துவிடுவேன்!"

"மிதியுங்கள்! இவர்கள் எல்லாரும் பார்க்க மிதியுங்கள்!"

தூணன் காலைத் தூக்கியது. பொடிச்சி நகரவில்லை. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று யானைக்குத் தெரியவில்லை.

பொடிச்சி கூட்டத்தைப் பார்த்துக் கத்தியது. "மேலே குறுகல் இருக்கிறது. அடியில் பாறை. காட்டெருமைகள் வரிசையாக ஆற்றின் குறுக்கே நிற்க வேண்டும். வேகம் அவர்கள் உடம்பில் உடையும். சின்னவர்கள் அவர்களை ஒட்டிக் கீழ்ப்பக்கமாகக் கடக்கலாம். தனியாகப் போனால் யாரும் சேரமாட்டோம்!"

எல்லாம் ஏறனைப் பார்த்தன. சேற்றில் கிடந்தது அதுதானே.

ஏறன் மூச்சு விட்டது. "பாரம் வைத்துப் பார்த்தாயா?"

"நாற்பது கல். ஒரு குமிழி வரவில்லை, அண்ணே."

"மறுபடி புதைந்தால் உன்னைக் கொம்பில் குத்தித் தூக்கிக்கொண்டுதான் சாவேன்."

"சரி. நான் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறேன்."

ஏறன் முன்னங்காலை வைத்தது. பின்னங்காலை வைத்தது. முழுப் பாரத்தையும் இறக்கியது.

"கல்!" என்று கத்தியது ஏறன். "கல்தான்! வாருங்களடா!"

மற்றப் பதிமூன்று எருமைகளும் இறங்கின. தோளோடு தோள் ஒட்டி நின்றன. வெள்ளம் மேல்பக்கம் மோதிச் சீறியது. கீழ்ப்பக்கம் குளம்போல் அடங்கியது.

"முயல்கள் முதலில்! தள்ளாதே! பன்றி, குட்டியை உள்பக்கம் விடு! கரடியாரே, உங்களுக்கு முறை வரவில்லை, பின்னால் போங்கள்!"

உறுமன் பின்னால் போனது.

அரை நாள் பிடித்தது. பொடிச்சி ஏறனின் விலாவை ஒட்டி, ஒரு பாறைமேல் கழுத்தளவுத் தண்ணீரில் கடைசிவரை நின்றது. இந்தக் கரையில் எண்ணிப் பார்த்தார்கள். எல்லாம் இருந்தன. எல்லாம் என்றால் எல்லாம்.

தூணன் என்ன செய்தது? கோபத்தோடு தன் துறையில் இறங்கிப் பிளிறியது. "இதுதான் துறை! வாருங்கள்!" ஒருவரும் போகவில்லை. அது யானை, அதற்கு ஆபத்து இல்லை. தனியாகக் கரை ஏறியது. கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டத்துக்கு வந்தது. தொண்டையைச் செருமியது.

"நானும் இதைத்தான் யோசித்து வைத்திருந்தேன்."

தாவி சிரிக்கப் பார்த்தது. ஏறன் ஒரு பார்வை பார்த்தது. தாவி வாயை மூடிக்கொண்டது.

"சரி, பொடிச்சி" என்றது தூணன். "உன் மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறேன். துறை சொல்லும் வேலையை இன்று முதல் உனக்குக் கொடுக்கிறேன்."

பொடிச்சி ஈரத்தை உதறியது. "நீங்கள் கொடுக்க வேண்டாம், ஐயா. நான் எடுத்தாயிற்று! வருகிற கோடையில் வரிசையில் உங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். ஏறன் அண்ணனுக்கு அடுத்து, நடு ஆற்றில். வேகம் அங்கேதான் அதிகம். நிற்பீர்களா?"

யானை ஆற்றைப் பார்த்தது. சீறிக்கொண்டு ஓடும் ஆற்றை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தது.

"எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும்?" என்று கேட்டது.

பிறப்பு கட்டிவிட்ட வேலையை உதறி மனம் கேட்ட வேலைக்குப் போனவர் முதல் தவறைக் கண்டு திரும்பி ஓடக் கூடாது. அந்தத் தவறை அங்கேயே நின்று திருத்துகிறவருக்குத்தான் அந்த வேலை சொந்தம்.