வானொலியில் சொல்லாத பெயர்

வியட்நாமிலிருந்து துரத்தப்பட்ட சிலர், பாரிஸ் புறநகரில் ஒரு சலவைக் கடையின் மாடியில் கட்சி நடத்தினார்கள். ஊரில் நேர்மையான தேர்தல் வேண்டும், ஆளுக்கொரு ஓட்டு வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. அந்தப் பித்து எவ்வளவு முற்றியிருந்தது என்றால், ஜன்னலைத் திறக்கலாமா என்பதற்கும் கை தூக்கச் சொல்வார்கள்.

மியென் அந்தக் கட்சியின் வானொலியில் செய்தி வாசிப்பவள். ரகசியமாக ஊர் திரும்பக் கிளம்பிய குவாங் என்ற இளைஞன் அவளிடம் ஒரு சத்தியம் கேட்டான்.

"அக்கா, நான் பிடிபட்டால் உடனே என் பெயரை வானொலியில் சொல்லிவிடுங்கள். ஊருக்கே தெரிந்த ஆளைச் சத்தமில்லாமல் முடித்துவிட முடியாது. அம்மா அழுவாள். அழுதாலும் சொல்லிவிடுங்கள்."

அவள் கையடித்துக் கொடுத்தாள்.

அவன் பிடிபட்டான். அடுத்து அவன் தாயிடமிருந்து தொலைபேசி வந்தது. ஹுயே நகரச் சந்தையில் நூடுல்ஸ் விற்பவள் அவள். விஷயம் வெளியே போகாவிட்டால் புத்தாண்டுக்குள் பையனை விட்டுவிடுவதாக அதிகாரிகள் சொன்னார்களாம். "உன் காலில் விழுகிறேன் மகளே, அவன் பெயரைச் சொல்லாதே" என்று அழுதாள். 

கட்சித் தலைவர் டோவான் தானும் முன்பு ஊர்ச் சிறையில் கிடந்தவர். பெயரைச் சொல்வதுதான் நல்லது என்று அவருக்குப் பட்டது. ஆனாலும் தனியாக முடிவெடுக்க மனமில்லாமல், வழக்கம்போல் ஓட்டுக்கு விட்டார். கைகள் சரிபாதியாக நின்றன. மியெனின் கை மட்டும் பாக்கி. தான் செய்த சத்தியத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தாயின் அழுகைதான் காதில் நின்றது. சொல்ல வேண்டாம் என்று கை தூக்கினாள்.

புத்தாண்டு வந்தது, போனது. குவாங் வரவில்லை. அதே சிறையிலிருந்து வெளியேறிய ஒருவர் பிறகு கட்சிக்காரர்களிடம் பேசினார். புதிதாக யார் உள்ளே வந்தாலும் குவாங் ஒன்றைத்தான் கேட்பானாம்: "வானொலியில் என் பெயரைச் சொன்னார்களா?"

கேட்டீர்கள் அல்லவா, இப்போது நீங்களே சொல்லுங்கள். அதிகாரிகளை நம்பிக் கெஞ்சிய தாய், சொல்வதே நல்லது என்று மனசுக்குப் பட்டும் ஓட்டுக்குக் கட்டுப்பட்ட தலைவர், அழுகைக்கு இரங்கிய மியென். இவர்களில் யார் செய்தது தவறு?

தாயைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் யார் பேச்சையும் நம்புவாள். தலைவருக்கு அந்தச் சத்தியமே தெரியாது. தவறு மியெனுடையதுதான். தாய் அழுவாள் என்று தெரிந்தே அவன் கேட்டான், தெரிந்தே இவள் கையடித்தாள். ஆளுக்கொரு ஓட்டு என்று சொன்ன அந்த அறையில் குவாங்கின் ஓட்டு அவள் வாய்க்குள் இருந்தது. அவள் அதை விழுங்கிவிட்டாள். இப்போது தினமும் அவன் பெயரைச் சொல்லித்தான் செய்தியைத் தொடங்குகிறாள். கேட்பவர்கள் அவளைப் பாராட்டுகிறார்கள். அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.