அடிபிடிச்ச கஞ்சியும் ‘ஆல் ஓகே’யும்

“எங்கிட்ட மட்டும் ஏம்மா யாருமே சொல்லல?”

கும்பிடக்கூட மறந்துட்டு, மடத்து வாசல்ல நின்ன மேனிக்கே கேட்டாரு தெய்வசிகாமணி. மலையடிவாரத்து பஸ் கம்பெனிக்கு அவருதான் மேனேஜர். தும்பப்பூ மாதிரி வெள்ளச் சட்ட, பாக்கெட்ல ரெண்டு போன், ரெண்டுலயும் மணி அடிச்சா முகத்துல பீதி.

மடத்த நடத்துற மடத்தம்மா அண்ணாந்து பாத்தாங்க. அவர விட பதினஞ்சு வயசு எளையவங்க. ஆனா ஊர்ல யாருக்கு மண்ட காஞ்சாலும் அந்த வாசலுக்குத்தான் வரணும். கையில முருங்கக்கீர உருவிக்கிட்டு இருந்தாங்க.

“எதைச் சொல்லல?”

“பிரேக்க.”

போன வாரம் மலையிலேர்ந்து எறங்கின ஒரு பஸ்ஸுல பிரேக் புடிக்கல. டிரைவரு கெட்டிக்காரரு, வண்டிய வாழத்தோப்புக்குள்ள விட்டாரு. சேதம் வாழைக்கு மட்டும்தான்.

அப்புறம் விசாரிச்சா, அந்த பிரேக் சங்கதி டிப்போவுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எதுத்தாப்புல டீக்கடைக்காரருக்குத் தெரிஞ்சிருக்கு. டிப்போ நாய்க்கே தெரிஞ்சிருக்கு, எல்லா வண்டி அடியிலயும் படுக்கும், அந்த வண்டி அடியில மட்டும் படுக்காது.

மேனேஜருக்குத்தான் தெரியல.

“நாளைக்கு மலைமேல திருவிழாங்கம்மா. எங்க வண்டி அத்தனையும் மேல ஏறுது. சனம் புள்ளகுட்டியோட ஏறும். ‘எல்லாம் நல்ல வண்டி’ன்னு நாந்தான் இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள கையெழுத்துப் போடணும். அதுல எது நல்ல வண்டி, எது எமன் வண்டி? ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாக்க நேரமில்ல. மெக்கானிக் முத்துரத்தினத்தக் கேட்டா ‘ஆல் ஓகே சார்’ங்கறான். போன வாரமும் அதையேதான் சொன்னான்.”

“கேமரா எல்லாம் வச்சிருக்கீங்களாமே?”

“மூலைக்கு மூலை இருக்கு. வண்டிக்கு வண்டி ஜிபிஎஸ். எந்த வண்டி எந்த வளைவுல இருக்குன்னு இங்க உக்காந்தே சொல்லுவேன்.”

“எங்க இருக்குன்னு தெரியுது.”

“ஆமாங்க.”

“எப்படி இருக்குன்னு?”

தெய்வசிகாமணி போன ஒரு பாக்கெட்லேர்ந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாத்தினாரு.

“சரி, டிப்போவுல ஒருத்தன் வந்து குறை சொன்னா என்ன பண்ணுவீங்க?”

அவரு முகத்துல டியூப்லைட் எரிஞ்சுது. இதைத்தான் யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தாரு. கோயமுத்தூர்ல ஏசி ஹோட்டல்ல பயிற்சிக்குப் போயி, மத்தியான பிரியாணிக்கும் சாயங்கால சமோசாவுக்கும் நடுவுல கத்துக்கிட்ட தத்துவம் அது. டிப்போ சுவத்துல நீலப் பெயிண்டுல ஆளுயரத்துக்கு எழுதி வச்சிருக்காரு.

குறையைச் சொல்பவரே குறையைத் தீர்ப்பவர்.

“ஒரு கண்டக்டர் வந்து, மழையில வைப்பர் ஓடலன்னான். லீவு நாள்ல அவனையே ஈரோடு அனுப்பி வாங்கியாரச் சொன்னேன். ஒரு டிரைவர் கிளட்ச் சரியில்லன்னான். அது சரியாகற வரைக்கும் ஷெட்ல உக்காருன்னுட்டேன், டூட்டி கெடையாது. ஆளுக்குப் பொறுப்பு வரணும் பாருங்க.”

“வந்துச்சா?”

“வராம! புகார் கொறைஞ்சு கொறைஞ்சு, இப்ப ஒண்ணு கூட இல்லீங்கம்மா!”

கை தட்டாத குறைதான்.

மடத்தம்மா மூக்க உறிஞ்சினாங்க.

“நல்ல ரூலு. இன்னைக்கு மடத்துலயும் அதையே வச்சுப் பாப்போம். எனக்கு சளி, மூக்கு அடைச்சுக் கெடக்கு. கண்ணும் கீரையில இருக்கு. நீங்கதான் சுத்தி முத்தி பாத்துச் சொல்லணும்.”

“என் கேள்விக்குப் பதிலுங்கம்மா?”

“கஞ்சி எறங்கட்டும்.”

அவங்க முதுகுக்குப் பின்னால அடுப்புல பெரிய அண்டா. மலைக்கு நடந்து வர்ற கூட்டம் சாயங்காலம் மடத்துலதான் பசியாறும். அதுக்கான கஞ்சி.

தெய்வசிகாமணி உக்காந்தாரு. மேனேஜர் கண்ணு சும்மா இருக்குமா?

“அம்மா, அந்தக் குழா ஒழுகுது.”

“சொன்னீங்கல்ல? போயி பாருங்க.”

போனாரு. திருகினாரு. குழா கையோட வந்துச்சு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் அபிஷேகம். கடைசியில கர்ச்சீப்ப கிழிச்சுக் கட்டிட்டு, ஈரக்கோழி மாதிரி வந்து உக்காந்தாரு.

“அம்மா, வெளிய ஒரு ஆடு. கத்திரிச் செடிய மேயுது.”

“சொன்னீங்கல்ல?”

எந்திரிச்சாரு. பணிவா போகச் சொன்னாரு. அதட்டினாரு. அந்த ஆடு எந்தப் பயிற்சிக்கும் போனதில்ல, முட்டிருச்சு. வேலியில மாட்டி வெள்ளச் சட்ட முதுகுல கிழிஞ்சுது. ஒரு வழியா வெரட்டிட்டு வந்து, இடுப்பப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு.

அப்பத்தான் அந்த வாசம் வந்துச்சு.

அண்டாவுல அடிபிடிக்குது.

வாய் தொறந்தாரு. தொறந்த வாய் அப்படியே நின்னுது. சொன்னா என்ன ஆகும்? அந்த அண்டாவ எறக்கணும். அடியில ஒட்டினத சொரண்டணும். சாம்பலும் தேங்கா நாரும் போட்டுத் தேய்க்கணும். உள்ள ஆள் எறங்கித் தேய்க்கற சைஸு. இருக்கற இடுப்பு ஒண்ணு, அதையும் ஆடு பாத்துருச்சு.

அம்மாவே எப்படியும் பாத்துருவாங்க. இல்லன்னா வேற யாராவது வந்து சொல்லுவாங்க. நமக்கென்ன.

வாய மூடிக்கிட்டாரு. மலையப் பாத்தாரு. மலை ரொம்ப அழகா இருந்துச்சு.

வாசம் தீய்ஞ்ச நாத்தமாச்சு.

“மேனேஜரே.”

“சொல்லுங்கம்மா.”

“அடுப்பு பக்கம் எல்லாம் சரியா இருக்கா?”

“ஆல் ஓகேங்கம்மா.”

சொன்னது தெய்வசிகாமணி. ஆனா அவரு காதுல கேட்டது முத்துரத்தினத்தோட குரல்.

அதே இழுப்பு. அதே சிரிச்ச மொகம். அதே மாதிரி கண்ணு எங்கயோ பாக்குது.

இடுப்ப மறந்து எந்திரிச்சாரு.

“அம்மா! கஞ்சி அடிபிடிக்குது! அப்போதயே புடிச்சுது, எனக்குத் தெரியும்!”

மடத்தம்மா கீரைய ஒதறிட்டு எந்திரிச்சாங்க. வெறக இழுத்தாங்க. அவரும் ஓடி வந்து துணிய எடுத்தாரு.

“நகருங்க மேனேஜரே. நீங்க சொல்லிட்டீங்க. இனி என் பாடு.”

மேல கெடந்த நல்ல கஞ்சிய வேற பாத்திரத்துக்கு மாத்த ஆரம்பிச்சாங்க. கூட்டத்துக்குப் பத்தும்.

தெய்வசிகாமணி போன எடுத்தாரு.

“முத்துரத்தினம், சுவத்துல நீல எழுத்து இருக்குல்ல?”

“இருக்குங்க சார். பளிச்சுன்னு இருக்கு. ஆல் ஓகே.”

“அதை அழிக்கணும்.”

அந்தப் பக்கம் முத்துரத்தினம் கேட்டான்.

“சொன்னவரேவா சார்?”

பின்னாடி நாலஞ்சு பேரு களுக்குன்னு சிரிச்சது கேட்டுச்சு. வேற நாளா இருந்தா, சிரிச்சவனக் கண்டுபுடிச்சு அவனுக்கும் ஒரு பொறுப்பு குடுத்திருப்பாரு.

“ஆமா. நானே வந்து அழிக்கறேன். இனிமே குறை சொல்றவனுக்கு சொல்றதோட வேல முடிஞ்சுது. லீவும் போவாது, டூட்டியும் போவாது. மிச்சம் என் பாடு.”

சிரிப்பு நின்னுருச்சு. எவனோ ஸ்பானர கீழ வச்ச சத்தம்.

“சார், நெசமாத்தானா?”

“நெசம்டா.”

“நாளைக்கு மலையேறுற வண்டிங்களப் பத்தியும் சொல்லலாமா?”

“அதுக்குத்தான்டா கூப்பிட்டேன்.”

முத்துரத்தினம் தொண்டையச் செருமினான்.

“அப்ப கொஞ்சம் உக்காந்துக்கங்க சார்.”