வரப்பன் வளர்த்த வெட்டிவேர்

மேட்டாற்றின் கரையில் வரப்பன் என்ற காட்டுப்பன்றி சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிட்டு வந்தது. கிழங்கு பருக்க வேண்டும் என்று வயலில் உரத்தைக் கூடைகூடையாகக் கொட்டும். மழை பெய்தால் உரம் ஆற்றில் இறங்கும். பாசி படரும்; மீன்கள் செத்து மிதக்கும். சற்றுக் கீழே, ஆற்று வளைவில், கயலி என்ற நீர்நாய் மூன்று குட்டிகளோடு பட்டினி கிடந்தது.

தாமதமாக விழித்துக்கொண்ட காட்டரசு, 'பசுங்கரைத் திட்டம்' ஒன்றை அறிவித்தது. வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே பத்தடி அகலத்தில் வெட்டிவேர் நட வேண்டும். வழிந்து வரும் உரத்தை அதன் வேர்கள் தடுத்துக்கொள்ளும். நட்டவருக்கு ஆண்டுக்கு இரண்டு மூட்டை கம்பு இலவசம்!

வரப்பன் அன்றே நட்டது. அடுத்த மாதம் அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதும், புல் செழித்தால்தானே அவர் மகிழ்வார் என்று கணக்குப் போட்டது. வெட்டிவேரின் தலையில் எட்டுக் கூடை உரத்தைக் கொட்டியது.

கயலி பதறி ஓடி வந்தது. "என்ன அண்ணே இது? உரத்தைத் தடுக்க வச்ச புல்லுக்கே உரமா? காவல்காரனுக்குக் கள்ளு ஊத்திக் கொடுத்த மாதிரி இருக்கே!"

"உனக்கென்ன தெரியும் தங்கச்சி? படிவத்துல புல்லோட உயரத்தைத்தான் கேட்டிருக்கு!"

"என் புள்ளைங்க பட்டினியைக் கேக்கலையா?"

"அதுக்குக் கட்டமே இல்லையே!"

மழை பெய்தது. புல் உறிஞ்சியது போக மீதி உரமெல்லாம் ஆற்றில் கரைந்தது. ஆய்வு நாளில் மயில் அதிகாரி வந்தார். தம் கொண்டைக்கு மேல் வளர்ந்திருந்த புல்லைக் கண்டு சொக்கிப்போனார்.

"ஆகா! இதுதான் முன்மாதிரிக் கரை!" என்று அகவியபடி படிவத்தை எடுத்தார்.

"ஐயா, வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல ஒரு வாய் ஆத்துத் தண்ணி குடிங்க!" என்றது கயலி.

மயில் புல்லை விலக்கி எட்டிப் பார்த்தார். தண்ணீர் கீரை மசியலைப் போலக் கிடந்தது. "சீச்சீ! இதையா குடிக்கச் சொல்றே?"

"என் புள்ளைங்க தினமும் இதைத்தானே ஐயா குடிக்குது!"

மயில் மெல்லத் திரும்பினார். "வரப்பா, நீ குடி பார்க்கலாம்!"

"எனக்கு... இன்னிக்கு விரதம் ஐயா!"

"தண்ணிகூடக் குடிக்க மாட்டியா?"

"முக்கியமா தண்ணிதான் ஐயா!"

மயில் படிவத்தில் உயரக் கட்டத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 'நட்டவர் தம் கரையோர ஆற்று நீரை ஒரு குடம் குடித்துக் காட்ட வேண்டும். குடித்தால்தான் கம்பு!'

அன்றே வரப்பன் உரக்கூடையைக் கவிழ்த்து வைத்தது. மறு ஆண்டு ஆய்வில் ஒரு குடம் நீரையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்து முடித்தது; நீர் இனித்தது. மீன்கள் திரும்பியிருந்த ஆற்று வளைவில் கயலியின் குட்டிகள் ஒரு கொழுத்த கெண்டைக்காக ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன.

ஆற்றைக் காக்க வந்த திட்டம் பலித்ததா என்பதை ஆற்று நீரைக் கொண்டே அளக்க வேண்டும். கரையின் பசுமை கண்ணை ஏய்க்கும்.