நிறச் சொற்களுக்குப் பொருள் எழுதியவர்

“அந்த அம்மாளுக்குப் பெயர் போட வேண்டுமாம், சுவாமி.”

அம்பலவாணனின் குரலில் எரிச்சல் இருந்தது. மடத்தின் அகராதிக்கு அவன்தான் பதிப்பாசிரியன். மறுநாள் அச்சு. முகப்புத் தாளை மடத்தின் தலைவரான அடிகள் முன்னால் வைத்தான்.

“எந்த அம்மாள்?”

“நிறச் சொற்களுக்குப் பொருள் எழுதியவர். ‘என் பெயர் எங்கே?’ என்று கேட்கிறார்.”

“எழுதியதில் பிழை உண்டா?”

“இல்லை. அரக்கு, ஊதா, இளஞ்சிவப்பு, எதுவானாலும் தாமே துணியில் சாயமேற்றி வெயிலில் வைத்துப் பார்த்த பிறகுதான் எழுதுவார். ஒரே துணி வெள்ளைச் சுவரில் ஒரு நிறம், கருங்கல்லில் வேறு நிறம் என்று எங்களுக்குக் காட்டினார். பக்கத்தில் இருப்பதைச் சொல்லாமல் நிறத்துக்குப் பொருள் சொல்ல முடியாது என்றார். அதன் பிறகு அந்தப் பகுதி முழுவதையும் திருத்தினோம்.”

“அவருக்கு என்ன பதில் சொன்னாய்?”

“தாங்கள் கற்பித்ததைத்தான். பெயராசை அகந்தை. பணி நிற்க வேண்டும், செய்தவர் மறைய வேண்டும்.”

“அதற்கு அவர்?”

“எழுந்து போய்விட்டார்.”

அடிகள் பேனாவை எடுத்தார். தாளின் உச்சியில் இருந்த தம் பெயரை அடித்தார்.

அம்பலவாணன் கைகூப்பினான். குருவின் எளிமை அவனுக்குப் புதிதல்ல.

பேனா கீழே இறங்கியது. ‘பதிப்பாசிரியர் அம்பலவாணன்’ என்ற வரியில் நின்றது.

“சுவாமி!”

அவன் கை தாளை மூடியிருந்தது. எப்போது நீட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அடிகள் அந்தக் கையைப் பார்த்தார்.

அவன் மெல்லக் கையை எடுத்தான். பேனாவை வாங்கினான். எழுதக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“சுவாமி... அந்த அம்மாளின் பெயர் என்ன?”

அடிகளின் முகம் மாறியது.

“எனக்கும் தெரியாது. இத்தனை வருடமும் ‘அம்மா’ என்றே கூப்பிட்டுவிட்டேன்.”

எழுந்தார். “தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வா.”

அந்த அம்மாள் தம் அறையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பும் மூட்டை.

அடிகள் வாசலிலேயே நின்று கைகூப்பினார்.

“அம்மா, தங்கள் பெயரைக் கேட்க வந்தோம்.”

அவர் இருவரையும் பார்த்தார். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. பிறகு அம்பலவாணனிடம் கையை நீட்டினார்.

“கொடுங்கள். நானே எழுதுகிறேன்.”